கேபார் வாய்க்காலில் எட்டாம் நாள்

நிப்பூர்க் கணக்கனுக்கு
வாற்கோதுமை முப்பது மரக்கால் பாக்கி.
ஈரக் களிமண்ணில் அவன் நாணல் நடந்தது
நண்டு நடப்பதுபோல.
சாட்சி ஐந்து பேர். வட்டி. வாய்தா தவறினால் மாடு.
முத்திரை வாங்க வக்கில்லாத நான்
கட்டைவிரல் நகத்தை ஓரத்தில் பதித்தேன்.
பிறகு பலகையைச் சுற்றி இன்னொரு களிமண் உறை,
உறைமேலும் அதே வாசகம்.
ஒருவனை ஒருவன் நம்பாத ஊரில்
கடன்சீட்டுக்கும் சட்டை மாட்டுகிறார்கள்.

வீடு திரும்பினேன். பிள்ளை பிறந்து ஏழு நாள்.
மெசுல்லேமேத் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.
பாக்கியெல்லாம் தீர்க்கப்பட்டவள் என்று
அந்தப் பெயருக்கு அர்த்தம்.
அதை அவளிடம் சொல்லிப் பாருங்கள்.

"நாளைக்குக் கத்தி வேண்டாம்," என்றாள்.

ரிப்லா தாண்டி, சங்கிலி வரிசை நின்ற சிறுபொழுதில்,
மூத்தவனை வழியோரம் புதைத்தோம்.
குழி தோண்ட நேரம் கொடுத்த காவலன் நல்லவன்
என்று இன்றும் சொல்வாள்.
அவனுக்கும் எட்டாம் நாள் வெட்டினோம்.
உடன்படிக்கையின் அடையாளம்
அவனோடு மண்ணுக்குள் இருக்கிறது.

"உங்கள் கணக்கனாவது
தவறினால் என்னவென்று எழுதிவைக்கிறான்.
அவர் தவறினால்?
அதற்கு எந்தப் பலகை, எந்த ஐந்து சாட்சி?"

வானமும் பூமியும் சாட்சி என்று
வாய்வரை வந்தது.
வானம் இங்கே செங்கல் சூளைப் புகை.
பூமி அவர்களுடைய குத்தகை.
வாயை மூடிக்கொண்டேன்.

தவறியவர்கள் நாம்தான் என்றும் சொல்லியிருக்கலாம்.
மொட்டைமாடிகளில் விண்மீன்களுக்குத் தூபம் காட்டினோம்,
ஏழையை ஒரு ஜோடு செருப்புக்கு விற்றோம்,
சீட்டு என்றோ செல்லாமல் போயிருக்க வேண்டும்.
ஆனால் பால் கட்டிய மார்போடு கிடப்பவளிடம்
அது ஒரு பதிலா?

நள்ளிரவில் பிள்ளை அழுதான்.
எடுத்து மடியில் போட்டவள்
சன்னல் வழியே சூளையைப் பார்த்தபடி இருந்தாள்.
எரிந்துகொண்டிருந்தது, ஒரு சிவந்த வாய்.

"நம் பேச்சில் உடன்படிக்கையை எழுதுவதில்லை,
வெட்டுகிறோம், இல்லையா?"
யாரிடமோ கேட்பதுபோல் கேட்டாள்.
"கிடாரியை, வெள்ளாட்டை, கடாவைப் பிளந்து
எதிரும் புதிருமாக வைத்து
இரண்டு பேரும் நடுவே நடக்க வேண்டும்.
சொல் தவறினால் எனக்கும் இதே கதி என்று."

ஆமாம் என்றேன்.

"நம் முதல் தகப்பன் நடக்கவில்லையே.
பகல் முழுக்கப் பருந்துகளை விரட்டி,
பொழுது சாய்ந்ததும் தூங்கிப்போனார்.
புகைகிற சூளையும் தீவட்டியும் மட்டும்தான்
அந்த இரத்த ஈரத்தில் நடந்து போயின."

பிள்ளையை மறுமார்புக்கு மாற்றினாள்.

"ஒற்றை நகக்குறி.
தூங்குகிறவனிடம் கைநாட்டு வாங்கவில்லை.
தவறினால் தன்னையே பிளந்துகொள்கிறேன் என்றவரிடம்
நான் எந்த மாட்டைப் பிடித்துக்கொண்டு போக?"

வெகுநேரம் பேசவில்லை. பிறகு,
"கோபம் போய்விட்டதென்று நினைக்காதீர்கள்," என்றாள்.
"கோபித்துக்கொள்ளவும் எனக்கு
அவரை விட்டால் யார்?"

விடியலில் சாம்பல் பானைக்குள் கைவிட்டு
சக்கிமுக்கிக் கத்தியை அவளே எடுத்துத் தந்தாள்,
முந்தானையால் துடைத்து.
எங்கள் மலையின் கல்.
எருசலேம் எரிந்தபோது அவள் எடுத்துவந்தது
அது ஒன்றைத்தான். எனக்குத் தெரியாது.

வாய்க்கால் கரையிலிருந்து பெதாயா வந்தார்,
ஆட்டு மந்தையை அப்படியே விட்டுவிட்டு ரெகூம் வந்தான்.
பத்துப் பேர் தேறவில்லை, ஏழு பேர்தான்.
வெட்டினோம். வீறிட்டான்.
ஒரு துளி மாதுளை விதைபோல நின்று, பிறகு உருண்டது.

பெயர் என்ன என்றார்கள்.
என் வாயைப் பார்த்தார்கள். அவள் சொன்னாள்:
எலியோவேனாய்.
என் கண்கள் அவர் பக்கம்.

வாற்கோதுமை பாக்கி அப்படியே இருக்கிறது.
அறுப்புக்கு இன்னும் மூன்று மாதம்,
கதிர் இன்னும் பால் பிடிக்கவில்லை.